பதினாறில் பத்து

அந்தப் பணிமனையில் பெண் ஓட்டுநர்கள் இரண்டே பேர். மூத்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள். இளையவளுக்குச் சின்னவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருக்கையில் ஒரு குஷனைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சாலையே தெரியும். ஆனால் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியைச் செருகச் சொன்னால், பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு கீறல் விழாமல் செருகிவிட்டு, குஷனை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி வருவாள். ஆகவே அவள் உயரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அவளுடைய கணவன் அதே பணிமனையில் நடத்துநர். ஊதல் இல்லாத கழுத்தோடு அவனை யாரும் பார்த்ததில்லை. அதனால் அவன் விசில். கல்யாணத்தன்றும் அது சட்டைக்குள் கிடந்தது என்று சின்னவள் சத்தியம் செய்வாள்.

பகல் ஒன்றரைக்கு ஷிப்ட் மாறும்போது வாசலில் தினமும் ஒரு காட்சி நடக்கும். காலை ஷிப்ட் முடித்து அவள் வெளியே வருவாள், மாலை ஷிப்டுக்கு அவன் உள்ளே போவான். அவன் வீட்டுச் சாவியை நீட்டுவான். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ" என்பான். அவள் வாங்கிக்கொண்டு "மெதுவா இறங்கி ஏறுங்க" என்பாள். அவ்வளவுதான் குடித்தனம். இரவு அவன் கதவைத் தட்டும்போது அவள் பாதித் தூக்கத்தில் திறப்பாள். விடியுமுன் அவள் கிளம்பும்போது அவன் முழுத் தூக்கத்தில் கிடப்பான். வார விடுமுறையும் ஆளுக்கொரு நாள். இன்னொரு சாவி செய்துகொள்ளலாம்தான். செய்துவிட்டால் வாசலில் நிற்க ஒரு சாக்கு இல்லாமல் போய்விடுமே என்று இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யாருக்கு எந்த ஷிப்ட் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஓட்டுநர்களுக்கு ஒரு டப்பா, நடத்துநர்களுக்கு ஒரு டப்பா. ஒவ்வொன்றிலும் பாதிச் சீட்டு காலை, பாதிச் சீட்டு மாலை. டைம்கீப்பர் ஒவ்வொருவர் பேராக அழைத்து, தானே சீட்டெடுத்து, தானே படித்து, ஒரு பழைய வாளியில் போட்டுவிடுவார். வண்டி கிளம்ப நேரமாகிவிடும் என்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கல்யாணமான பிறகு ஐந்து குலுக்கல் நடந்துவிட்டது. ஐந்திலும் அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஆறாவது குலுக்கல் மறுநாள்.

"நாளைக்கு நமக்குத்தான்," என்றான் விசில், சாவியை நீட்டியபடி. "அஞ்சு தடவை ஏமாத்தியாச்சு. ஆறாவது தடவையும் ஏமாத்துமா? அதுக்கும் ஒரு மனசாட்சி வேணாமா?"

"சீட்டுக்கு மனசாட்சியும் கிடையாது, ஞாபகமும் கிடையாதுங்க. போன தடவை என்ன விழுந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் காலை, உங்களுக்குக் காலை. எனக்குக் காலை, உங்களுக்கு மாலை. எனக்கு மாலை, உங்களுக்குக் காலை. ரெண்டு பேருக்கும் மாலை. நாலு வழி இருக்கு, அதுல ரெண்டுதான் நமக்குச் சாதகம். எத்தனை தடவை தோத்தாலும் பாதிக்குப் பாதிதான்."

"நல்ல வார்த்தையே உன் வாயில வராதா?"

"கணக்கு வருது. போங்க, நேரமாச்சு."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருக்கத்தான் செய்தது. அவளும் மனுஷிதானே. ஒரே ஒரு நாளாவது சேர்ந்து வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, எதிரெதிரே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

பத்தடி போனதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குஷன் வண்டியிலேயே இருக்கிறது! அவளுடைய பேருந்து வண்டி கழுவும் கொட்டகையில் வரிசையில் நின்றது. நிழலில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தார். அவருடைய கணவரும் அங்கேதான் நடத்துநர். அவரும் அப்போதுதான் மாலை ஷிப்டுக்கு வண்டி ஏறியிருந்தார்.

"நாளைக்குக் குலுக்கல். உங்களுக்குப் படபடப்பா இல்லையாக்கா?"

"எனக்கு என்னடி படபடப்பு? கடவுள் என் பக்கம். எனக்குக் காலைன்னா அவருக்கு மாலை, எனக்கு மாலைன்னா அவருக்குக் காலை. ஒரு தடவைகூட ரெண்டு பேருக்கும் ஒண்ணா விழுந்ததில்ல. விழுந்தா என் இரட்டை வாலுங்களை யார் பாக்கறது? வீட்டைப் பிரிச்சு வெளியில போட்டுருங்க."

சின்னவளின் கை குஷனிலேயே நின்றுவிட்டது.

"ஒரு தடவைகூடவா? எத்தனை குலுக்கல்ல?"

"நீ கல்யாணமாகி வந்தியே, அந்தக் குலுக்கல்லதான் நான் பிரசவ லீவு முடிஞ்சு வந்தேன். உனக்கு எத்தனையோ எனக்கும் அத்தனை."

ஐந்துக்கு ஐந்து. அவளுக்கும் ஐந்து, இவருக்கும் ஐந்து. சின்னவளுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. பள்ளியில் படித்த எல்லாப் பாடமும் பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிட்டது. எத்தனை வழியில் ஒன்று நடக்கும் என்று எண்ணுகிற அந்த ஒரு பாடம் மட்டும் அவளை விடவில்லை. சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கிற வண்டிகள் எத்தனை விதமாகத் திரும்பலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். பச்சை விழுந்து, பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால்தான் நினைவு வரும்.

பேருந்தின் பின்கண்ணாடியில் தூசி மெழுகியதுபோல் படிந்திருந்தது. அவள் விரலால் எழுதினாள். ஒரே ஷிப்டுக்கு 'ஒ', எதிர் ஷிப்டுக்கு 'எ'. ஒரு குலுக்கலுக்கு இரண்டு வழி. இரண்டாவது குலுக்கல் சேர்ந்தால் ஒஒ, ஒஎ, எஒ, எஎ என்று நான்கு. மூன்றாவதுக்கு எட்டு. அப்புறம் பதினாறு. ஐந்தாவதுக்கு முப்பத்திரண்டு. கண்ணாடியே நிரம்பிவிட்டது. அந்த முப்பத்திரண்டில் ஐந்தும் 'எ' என்று வந்தது ஒரே ஒரு வரிதான்.

"முப்பத்திரெண்டுல ஒண்ணு. சரி, நடக்கலாம்," என்று தனக்குத்தானே பேசினாள். "முப்பத்திரெண்டு ஜோடி வேலை செஞ்சா ஒரு ஜோடி இப்படி மாட்டும். நம்ம தலையில விழுந்துச்சுன்னு வெச்சுப்போம். ஆனா இந்த டிப்போவுல இருக்கறதே ரெண்டு ஜோடி. அந்த ரெண்டும் மாட்டணும்னா..."

"என்னடி முணுமுணுக்கற? வெயில் பட்டுடுச்சா?"

"எங்க முப்பத்திரெண்டு வழி ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்கு முப்பத்திரெண்டு வழிக்கா. பெருக்கினா ஆயிரத்து இருபத்திநாலு. அதுல ஒரே ஒரு வழிதான் இது! ஆயிரத்துச் சொச்சத்துல ஒண்ணு நம்ம ரெண்டு பேர் தலையிலயும் தானா வந்து உக்காந்துச்சுன்னு நம்பச் சொல்றீங்களா?"

"எழுதி முடிச்சாச்சா? கழுவணும்," என்றார் ரப்பர் குழாயோடு நின்றவர். பதிலுக்குக் காத்திராமல் அடித்த தண்ணீரில் முப்பத்திரண்டும் ஒழுகிப்போயிற்று. சின்னவள் அங்கே இல்லை. குஷனைக்கூட எடுக்காமல் டைம்கீப்பர் அறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் பிடித்தபடி பின்னால் ஓடினார்.

டைம்கீப்பர் நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில்தான். கண்ணாடிக்கு மேலேதான் உலகத்தைப் பார்ப்பார். சின்னவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். ஆயிரத்து இருபத்துநான்கு என்றதும் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டியாம்மா," என்றார்.

"அப்போ நிஜமாவே..."

"மாத்திப் படிச்சேன். அஞ்சு தடவையும் இல்ல, சில தடவை தானாவே எதிரா விழுந்துச்சு. விழாதப்போ படிக்கும்போது மாத்திடுவேன். தப்புதான். ஆனா என் பொண்டாட்டி நர்ஸ், எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்துல டூட்டி. எங்க பிள்ளை பக்கத்து வீட்டுலதான் வளர்ந்தான். இன்னிக்கும் அவங்களைத்தான் அம்மாங்கறான். அந்தக் கஷ்டம் என் டிப்போவுல யாருக்கும் வரக் கூடாதுன்னு நெனச்சேன். புருஷனும் பொண்டாட்டியும் வேலைக்கு வந்தா வீட்டுல ஒரு ஆள் இருக்கணும்ல?"

"அக்காவுக்குப் பிள்ளைங்க இருக்கு சார். எங்களுக்கு யாரைப் பாத்துக்கறதுக்கு ஒரு ஆள்? வீட்டுல இருக்கறது ரெண்டு நாற்காலியும் ஒரு கட்டிலும்!"

டைம்கீப்பர் கண்ணாடியை மறுபடி மூக்கு நுனியில் மாட்டினார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்," என்றாள் சின்னவள். ஒன்றேகால் வருஷம்! கோபமும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

"விடும்மா. நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட்னு படிச்சுடறேன். காலையா, மாலையா? எது வேணும், சொல்லு."

சரி என்ற சொல் அவள் தொண்டை வரை வந்துவிட்டது. வந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு தலையாட்டல் போதும். நாளைக்கே வீட்டில் எதிரெதிரே இரண்டு தட்டு. ஆனால் எண்ணிப் பழகிய புத்தி சும்மா இருக்குமா? டப்பாவில் பாதி காலை, பாதி மாலை. ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறியாக வேண்டும்.

"எனக்கு மாத்திப் படிச்சா வேற யாருக்கு மாத்துவீங்க? இதுக்கு முன்னாடி யாருக்கு மாத்தினீங்க?"

அவர் குனிந்துகொண்டார். "ஒரு தடவை நம்ம தாத்தா கண்டக்டருக்கு. அவருக்குக் காலைதான் விழுந்துச்சு. மாலைன்னு படிச்சேன்."

தாத்தா கண்டக்டர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறவர். இருட்டினால் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. இரவு வண்டியை விட்டு இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டு அவர் வெளியே போவதை அந்த மூன்று மாதமும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அக்கா கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார்.

"வேணாம் சார்," என்றாள் சின்னவள். "நாளைக்கு அவங்கவங்க சீட்டை அவங்கவங்களே எடுத்து, அவங்களே உரக்கப் படிக்கட்டும்."

"அடிப்பாவி! என் பொழைப்புல மண்ணைப் போடறியே!" என்று கத்தினார் அக்கா. "தாத்தா பாவம்தான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு ஒரே ஷிப்ட் விழுந்துட்டா? இனிமே எனக்கும் பாதிக்குப் பாதிதானே? என் பிள்ளைங்களைப் பாதிக்குப் பாதியா வெக்க முடியுமா?"

"அக்கா, நில்லுங்க. உங்களுக்கு ஒரே ஷிப்ட் விழுந்தா, எங்க ரெண்டு பேர்ல யார் சீட்டு உங்களுக்கு உதவுமோ அதை மாத்திக் குடுத்துடறோம். டிரைவருக்கு டிரைவர், கண்டக்டருக்குக் கண்டக்டர். எல்லார் முன்னாடியும் சொல்லி மாத்திக்கலாம்ல சார்?"

"ரெண்டு பேருக்கும் சம்மதம்னா தாராளமா."

அந்த நேரம் பார்த்துத் தன் பயணச் சீட்டுக் கட்டுகளை வாங்க வந்த விசில் கதவருகே நின்றான். மாற்றிக் கொடுக்கிற பேச்சு மட்டும் காதில் விழுந்தது. "என்னது? விழறதையும் தூக்கிக் குடுக்கப் போறோமா? பாதிக்குப் பாதியா இருந்ததையும் கெடுக்கறியே!"

"கெடுக்கறேனா இல்லையான்னு எண்ணிப் பாத்துடலாம்," என்றாள் அவள்.

மேசையில் டீ குடித்து வைத்த டம்ளர்கள் நான்கு இருந்தன. அவற்றை வரிசையாக வைத்தாள். "இது நான், இது நீங்க, இது அக்கா, இது மாமா. நிமிர்ந்திருந்தா காலை, கவிழ்ந்திருந்தா மாலை. நாலு டம்ளர், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிலை. மொத்தம் பதினாறு."

டம்ளர்களை அவள் கவிழ்த்து நிமிர்த்திய வேகத்தில் மிச்ச டீ எல்லாம் மேசையில் ஓடியது. டைம்கீப்பர் தன் காகிதங்களை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நாம ஒண்ணா, அக்கா மாமா எதிரா. இப்படி நாலு வழி. யாருக்கும் கஷ்டமில்ல. ரெண்டு ஜோடியும் எதிரா விழறது நாலு வழி. அக்காவுக்கு நல்லது, நமக்குப் போச்சு. இதுவரைக்கும் சரிதானே? இப்போ, நாம எதிரா, அவங்க ஒண்ணா. இதுவும் நாலு." இரண்டாவது டம்ளரையும் நான்காவதையும் இடம் மாற்றினாள். அடுத்த முறை முதலாவதையும் மூன்றாவதையும். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் இடமாற்றத்தில் அவர்கள் ஜோடி பிரிந்தது, இவர்கள் ஜோடி சேர்ந்தது. அவள் கை நின்றுவிட்டது. "ஏங்க, பாருங்க! இந்த நாலுலயும் மாத்திக் குடுத்தா அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது!"

"மிச்சம்?" என்றான் விசில். அவனும் இப்போது மேசைமேல் கவிழ்ந்திருந்தான்.

"மிச்சம் நாலு. ரெண்டு ஜோடியும் ஒண்ணா விழறது. அதுல ரெண்டுல நாலு பேருக்கும் ஒரே ஷிப்ட். மாத்த வழியே இல்ல. நமக்கு நல்லது, அக்காவுக்குக் கஷ்டம். இன்னும் ரெண்டுல நாம ஒரு ஷிப்ட், அவங்க ஒரு ஷிப்ட். சொன்ன வாக்குக்கு நாம மாத்திக் குடுத்தாகணும். அக்காவுக்கு நல்லது, நமக்குப் போச்சு. கூட்டுங்க. நமக்கு நாலு, நாலு, ரெண்டு."

"பத்து," என்றான் விசில்.

"பதினாறுல பத்து! மாத்தாம இருந்தா எட்டுதான். குடுக்கறேன்னு சொன்னதாலயே ரெண்டு கூடியிருக்கு!" அவள் குதித்தாள். குஷன் இல்லாமலேயே அன்றைக்கு எல்லோரையும்விட உயரமாகத் தெரிந்தாள். "அக்காவுக்குப் பதினாறுல பதினாலு. ரெண்டே ரெண்டு வழிதான் ஆபத்து."

அக்கா டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டார். "அந்த ரெண்டு வந்துச்சுன்னா என் வாலுங்களை உன் வீட்டுலதான் கொண்டு வந்து விடுவேன். சொல்லிட்டேன்," என்றார்.

மறுநாள் ஒரு மணிக்குப் பணிமனை முற்றத்தில் நிற்க இடமில்லை. அவரவர் சீட்டை அவரவரே எடுக்கலாம் என்று டைம்கீப்பர் அறிவித்ததும் ஒரே ஆரவாரம். நேற்றுவரை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் இன்று தோளுக்குமேல் தோள் ஏறி எட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர்கள் முதலில். சின்னவள் டப்பாவுக்குள் கைவிட்டாள். அவசரத்தில் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டது, ஒன்றை உதறினாள்.

"காலை!"

அடுத்து அக்கா. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அவரும் காலை.

முதல் டம்ளரும் மூன்றாவது டம்ளரும் நிமிர்ந்தாயிற்று. பிறகு நடத்துநர்கள் டப்பா. தாத்தா கண்டக்டர் மாலை எடுத்தார். அவர் முகம் வாடுமுன்னே பின்னாலிருந்து ஓர் இளவட்டம், "இந்தாங்க தாத்தா, என் காலையை எடுத்துக்கங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கறது எனக்கு ஜென்மத்துக்கும் ஆகாது" என்று சீட்டை நீட்டினான். முற்றமே கைதட்டியது.

அக்காவின் கணவர் எடுத்தார். விரித்தார். அக்காவைப் பார்த்தார்.

"காலை."

அக்காவின் விரல்கள் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தன. மூன்று டம்ளர் நிமிர்ந்துவிட்டது. இனி விசில் ஒருவன்தான் பாக்கி. அவன் காலை எடுத்தால் இவர்கள் இருவரும் ஒன்று. அக்கா வீட்டில் பிள்ளைகளுக்கு ஆளில்லை, மாற்றவும் வழியில்லை. அவன் மாலை எடுத்தால் மாமாவோடு மாற்றிக்கொள்ளலாம், இரண்டு வீட்டுக்கும் நல்லது. ஒன்றேகால் வருஷமாகத் தனக்கு விழுந்ததே அவனுக்கும் விழ வேண்டும் என்று ஏங்கியவள், அந்த நிமிஷம் அவனுக்கு எதிர்ச் சீட்டு விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். காலை வந்தாலும் தனக்கு லாபம்தான் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் அது வேண்டாம் என்றிருந்தது.

விசில் ஊதலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கைவிட்டான். டப்பாவைக் கிண்டினான்.

"எடுப்பா, பஸ் காத்திருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

எடுத்தான். பிரித்தான். அவன் முகம் காற்றுப்போன டயராகிவிட்டது.

"மாலை," என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

முற்றம் முழுக்க "அடடா" என்றது. அந்த அடடாவைக் கிழித்துக்கொண்டு ஒரு கூச்சல். சின்னவள்தான்! அக்காவைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள், அக்கா அவளைத் தரையிலிருந்தே தூக்கிவிட்டார், இருவரும் ஒரே நேரத்தில் அழுது சிரிக்கிறார்கள்.

"புருஷன் தொல்லை விட்டுதுன்னு இப்படியாம்மா சந்தோஷப்படுவாங்க?" என்றார் டீக்கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விசில் சீட்டைப் பிடித்தபடி பேயறைந்தவன்போல் நின்றான்.

"ஏங்க! டம்ளரை மாத்துங்க! ரெண்டாவதும் நாலாவதும்!"

அவனுக்கு உறைக்க இன்னும் ஒரு நொடி ஆயிற்று. உறைத்ததும் ஊதலை வாயில் வைத்து ஊதினான் பாருங்கள், கொட்டகைக்குள் நுழைந்த வண்டி ஒன்று பிரேக் போட்டது. மாமா தன் சீட்டை அவன் கையில் திணித்து அவனுடையதைப் பிடுங்கிக்கொண்டார். டைம்கீப்பர் இரண்டையும் வாங்கி, அன்றைக்கு முதல்முறையாகக் கண்ணாடி வழியாகவே பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

புது ஷிப்டின் முதல் நாள். பகல் ஒன்றரைக்கு இருவரும் வேலை முடித்து வாசலுக்கு வந்தார்கள். விடிகாலையில் கதவைப் பூட்டியது விசில். பழக்கம் போகுமா? சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான். பழக்கத்தில் அவளும் வாங்கிக்கொண்டாள்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ," என்றான்.

"மெதுவா இறங்கி ஏறுங்க," என்றாள்.

அவன் திரும்பிப் பணிமனைக்குள் விறுவிறுவென்று நடந்தான். அவள் இரண்டடி வைத்தாள். நின்றாள்.

"ஏங்க! எங்க போறீங்க?"

விசில் நடு முற்றத்தில் நின்றான். காவலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் மெல்லத் திரும்பி, வந்த வழியே வந்தான். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க, அவள் அக்குளில் இருந்த குஷனை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"ரெண்டு தட்டு இருக்கா வீட்டுல?" என்று கேட்டான்.

"இருக்கு. வாங்க," என்றாள் அவள்.